சத்தத்தை வாயால் சொல்லவும்

காரைக் கொண்டுபோய் எதிர்வரிசை அக்கா வீட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்தினால், வா என்றும் சொல்ல மாட்டார், என்ன விஷயம் என்றும் கேட்க மாட்டார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்து, "இன்னா சத்தம்? வாயால சொல்லு" என்பார்.

வந்தவர்கள் நெளிவார்கள். பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரில் ஏதோ சத்தம் வருகிறது என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அதெல்லாம் அக்காவிடம் செல்லாது. "ஏதோ சத்தம்னா ஏதோ வைத்தியம்தான் பண்ண முடியும். உய்யுங்குதா, கர்ருங்குதா, டிக்டிக்குங்குதா? ஆக்சிலேட்டர மிதிச்சா ஏறுதா, அப்படியே நிக்குதா? உள்ள கேட்டத வெளிய வுடு."

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் டூட்டி முடிந்து, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நேராக அங்கே வந்துவிட்டார். அவருக்கும் அதே சட்டம்தான். நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கன்னத்தை உப்பி, "ங்ஙொய்ய்ய்" என்றார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். "கியர் மாத்துனா?" என்றார். அதிகாரி கொஞ்சம் யோசித்து, மூச்சை இழுத்து, சத்தத்தைக் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றிக் காட்டினார். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அக்கா சிரிக்கவே இல்லை. "கரெக்டா சொன்னீங்க சார்" என்று பாராட்டினார். அந்த மனிதர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஆபீசில் யாரும் அவரை அப்படிப் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். "எம்பேர போட்டு எதனா எழுதிகினு திரிஞ்சே, வூட்டுக்கு வந்து உன் ஃபியூஸ புடுங்கிடுவேன்" என்று என்னை எப்போதோ எச்சரித்திருக்கிறார். சொன்னால் செய்கிறவர். சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். பவர் ஸ்டேஷனில் மீட்டர்களும் கருவிகளும் பார்க்கும் பிரிவில் பெர்மனன்ட் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வரிசையில் இருந்தார். கணவர் குறிஞ்சிப்பாடியில் பள்ளி ஆசிரியர், சாது. அக்கா ஒரு காரின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பேப்பரைத் திருப்பக்கூட அனுமதி கிடையாது. அதே பக்கத்தை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் அக்கா வாங்கிய ஒரு பழைய காரில் ஆரம்பித்தது. அதில் ஆசையாகப் பாட்டு செட் மாட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்தபோதெல்லாம் பாட்டுக்குள் ஒரு கொசு பறந்தது. கார் ஓடும்போது மின்சாரம் தயாரிக்க ஆல்டர்னேட்டர் என்று ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சல் ஏதாவது ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் ஏறிவிடும். எந்த ஒயர் என்பதுதான் கேள்வி. அந்த மழைக்காலம் முழுக்க அக்கா காருக்குள்ளேயே குடியிருந்து கொசுவைப் பிடித்தார். அதிலிருந்து டவுன்ஷிப்பில் யார் காரில் கொசு பறந்தாலும் எங்கள் தெருவுக்குத்தான் வந்தது.

அவ்வளவு காது இருக்கிறதே, பாடுவாரா என்றால், பாடுவார். அதுதான் கொடுமை. பாட்டில் தலைமுடி அளவு இரைச்சல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற அந்தக் காதுக்கு, தன் குரல் சுருதியைவிட்டு வெகுதூரம் போய் நிற்பது மட்டும் தெரியாது. ஒயரைப் பிரித்துக்கொண்டே வாய்விட்டுப் பாடுவார். அதைச் சொல்லும் தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. கணவர் மட்டும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் காது இல்லை. தப்பாகப் போனால் அவருக்கு வரும் சந்தோஷம்தான்.

வேலை தொடங்கும்போது எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவார். "மொத ஆளு இந்த சார்ஜர்தான். மூஞ்சியே சரியில்ல" என்று போன் சார்ஜரைப் பிடுங்குவார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வார். சத்தம் அப்படியே இருக்கும். மற்றவர்களாக இருந்தால் முகம் சுருங்கும். அக்காவுக்கு மலரும். "நல்லது. இது இல்ல" என்பார். உடனே வாசற்படியில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பிடி வறுத்த முந்திரி உடைசல் கொடுப்பார். ஊரில் அவர் தம்பிக்கு முந்திரித் தோப்பு உண்டு. உடைந்த பருப்பெல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் வரும்.

எத்தனை தடவை தப்போ அத்தனை பிடி. அதனால் கார் வந்து நின்றாலே தெருவில் கூட்டம் சேர்ந்துவிடும். அவர் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற கூட்டம். "அக்கா, ஏரியல் மேல எனக்கு டவுட்டா இருக்கு" என்று வேண்டுமென்றே கிளப்பிவிடுகிறவர்களும் உண்டு. சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் டப்பா மூடிவிடும். "சத்தந்தான் போயிட்சே, இனிமே இன்னா பருப்பு? போங்க போங்க" என்று துரத்திவிடுவார்.

இதை விளையாட்டு என்றுதான் நாங்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் மகளுக்கு வரன் பார்த்த சமயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வரன். பெண் பார்த்துவிட்டுப் போய் வெகுநாள் இழுத்தடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். செய்தி கொண்டுவந்த உறவுக்காரப் பெரியவர் வாசலில் நின்று எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் அக்கா, "நல்லது. இது இல்ல" என்றார். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து அவருக்கு இரண்டு கையும் நிறைய முந்திரியைக் கொட்டினார். பெரியவர் மலைத்துப்போய் அதை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பிறகு மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்தன்று, வேண்டாம் என்று சொன்ன அந்த வீட்டாருக்கும் ஒரு டப்பா முந்திரி போனது. கேலிக்கு இல்லை. உண்மையிலேயே நன்றிக்கு.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவை நான் முழுதாகப் பார்த்தது அப்பா விஷயத்தில்தான்.

அப்பா இளவயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். வேலைக்காலம் முழுவதும் மைன்ஸில் மண் வெட்டும் ராட்சச மெஷினை ஓட்டினார். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மெஷினில் ஏறுவாராம். "மெஷின் பேசுகது கேட்டாத்தான் மெஷின ஓட்ட முடியும்" என்பார். மேலதிகாரி வரும்போது மட்டும் பையிலிருந்து காதுக்கு மாறும். ரிட்டயர் ஆன பிறகு, அம்மாவும் போன பிறகு, எங்களோடு இருந்தார். ஊரில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது.

நான் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியதில் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது அப்பாதான். தினமும் சாயங்காலம் ஆனால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "ஏல, ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?" பின்சீட்டில் ஏறி உட்கார்வார். பஜாரைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். வாயைப் பிளந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்குவார். வீட்டில் அவருக்குத் தூக்கம் கிடையாது. புரண்டு புரண்டு படுப்பார். காற்று பட்டுத் தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தக் காரில் கொசு இருந்தது. ஸ்பீடு ஏற ஏற "ஙொய்" என்று அதுவும் ஏறும். எனக்கும் என் மனைவிக்கும் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வரிசைக்கு ஓட்டிப் போனேன். தெருவே பார்க்க நானும் வாயால் சொன்னேன். அப்பா பின்சீட்டைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றைக்குக் கூட்டத்துக்கு நல்ல வேட்டை. சார்ஜர் என்றார், இல்லை. ஏரியல் என்றார், இல்லை. பாட்டு போகிற ஒயரும் பேட்டரி ஒயரும் உரசிக்கொண்டு போகின்றன என்று ஒன்றை அந்தப் பக்கம் மாற்றினார். அதுவும் இல்லை. டப்பாவில் பாதி காலி. கடைசியில் சீட்டுக்கடியில் விரிப்பைத் தூக்கினார். வெறும் தகரத்தைத் தொட வேண்டிய பாட்டு செட்டின் எர்த் ஒயரைக் காரின் உடம்பில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள், பெயின்ட்டின் மேலேயே. "பெயின்ட்டு மேல எர்த் குடுத்தா எங்கேந்துடா புடிக்கும்?" என்று அந்த முகம் தெரியாத மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே, உப்புத்தாளால் அந்த இடத்தைத் தகரம் பளபளக்கிறவரை தேய்த்து, ஒயரை முறுக்கினார். இன்ஜின் ஓடியது. பாட்டு மட்டும் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம். டப்பா மூடியது.

அப்பா மட்டும் கை தட்டவில்லை. எதையோ தொலைத்தவர்போல ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா மூடிவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரவுண்டு போனபோது அப்பா தூங்கவில்லை. "ஏல, வண்டியில சத்தம் கேக்கு" என்றார். எனக்குக் கேட்கவில்லை. மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் இல்லை. பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டோம். ஒன்றும் இல்லை. "கேக்குல்லா" என்று அவர் கோபப்பட்டார். அடுத்த வாரம் காரில் ஏறவே மாட்டேன் என்றார். தூக்கம் அடியோடு போயிற்று. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினார். தொட்டதற்கெல்லாம் சிடுசிடுத்தார். பிறகு ஒருநாள், "இந்த ஊரே ஒரே சத்தம்ல. நான் நம்மூருக்குப் போறேன்" என்று வேட்டி சட்டைகளைப் பையில் அடைத்து, பையை வாசல் கதவோரம் வைத்துவிட்டார். முழங்கால் வலி. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்தப் பூட்டிய வீட்டில் தனியாக என்ன செய்வார்?

அக்காவிடம் போய்ச் சொன்னேன். டப்பாவோடு வந்தார். அப்பா முன்னால் நின்று, "அப்பா, இன்னா சத்தம்னு வாயால சொல்லுங்க" என்றார்.

"நான் என்ன கோமாளியா?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா விடவில்லை. வார லீவு தோறும் வந்தார். ஃபியூஸை மாற்றினார். ஸ்பீக்கரைக் கழற்றினார். கடைசியில் செட்டையே வெளியே எடுத்துவிட்டுக் காரை ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அப்பா, "கேக்கு" என்பார். அக்கா, "நல்லது. இது இல்ல" என்று ஒரு பிடி முந்திரியை நீட்டுவார். அப்பா வாங்கிக்கொள்வார். கோபம் காரின் மேல்தான், முந்திரியின் மேல் இல்லை.

எனக்குத்தான் அலுத்துவிட்டது. "விடுங்கக்கா. செட்டே இல்லாத வண்டியில எங்கேருந்து சத்தம் வரும்? ஊருக்குப் போக ஒரு சாக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "யோவ் தம்பி, கேக்குதுன்னு ஒருத்தர் சொன்னா கேக்குது. அதுல சந்தேகப்பட உனக்கும் எனக்கும் வேல இல்ல. எங்கேந்துன்றதுதான் வேல" என்று சொல்லிவிட்டு, செட்டைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.

அப்பா ஊருக்குப் போகும் நாளும் வந்துவிட்டது. பஸ் சாயங்காலம். பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அக்கா வந்தார். "பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. அப்பாவ ஒரு ரவுண்டு இட்டுகினு போறேன். இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கான்" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"இந்த ஊருதான். தலைக்கு மேல இவ்ளோ கரண்டு லைனு போவுது. அதுங்கதான் வண்டிக்குள்ள பூந்து கத்துதோ இன்னாவோ. லைனே இல்லாத எடத்துக்குப் போய்ப் பாத்துடலாம்."

அக்கா ஓட்டினார். நான் முன்னால் மடியில் டப்பாவோடு, அப்பா பின்னால். முத்தாண்டிக்குப்பம் தாண்டி, மண் பாதையில் இறங்கி, தம்பியின் முந்திரித் தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றிலும் மரம்தான். ஒரு கம்பம் கிடையாது. இன்ஜினை அணைத்தார். சாவியைப் பிடுங்கினார். என்னை இறக்கி, பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் காரில் இனிச் சத்தம் போட எதுவுமே மிச்சமில்லை. காய்ந்த இலையில் எதுவோ ஓடியது, அவ்வளவுதான்.

"இப்பப்பா?" என்றார் அக்கா.

அப்பா, "கேக்கு" என்றார்.

"நல்லது. இது இல்ல" என்று வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. தூக்கியிருந்த பானெட் மறைத்ததால் எனக்கு அவர்களைப் பார்க்க முடியவில்லை, அவர்களுக்கும் என்னை. பின்கதவு திறந்து மூடியது. அக்கா பின்சீட்டில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, இங்க யாருமில்ல. வாயால சொல்லுங்க."

நான் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு என் அப்பாவின் குரல் மெல்லிசாக வந்தது. "கீ..." ஏறவில்லை, இறங்கவில்லை. மூச்சு முடிகிறவரை ஒரே மட்டமாகப் போய் நின்றது.

"வண்டிய வுட்டு எறங்குங்க" என்றார் அக்கா. காலடிச் சத்தம் கேட்டது. "இங்க?"

"கேக்கு."

"வூட்ல?"

"வீட்லயுந்தான்."

"எப்பலேந்துப்பா?"

"மெஷின விட்டு இறங்குன நாளையிலருந்து உண்டும்மா. ஃபேன் ஓடுனா கொஞ்சம் அடங்கிக் கெடக்கும். இவன் காருல ஏறுனா சுத்தமாத் தெரியாது. அந்த ஙொய்யில இது அமுங்கிப் போவும். நீ அத எடுத்துட்டேல்லா, அதுக்குப் பொறவு காருலயும் வந்துட்டு."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"காதுன்னு சொன்னா என்ன செய்ய முடியும்? வண்டின்னா ரிப்பேர் பாத்துரலாம்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பானெட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அந்தப் பக்கம் அக்கா தோப்பே அதிர்கிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தார்.

"அடக் கடவுளே. என் ஆயுசுல நான் பண்ணதுலயே பெரிய தப்பு இதுதாம்ப்பா. உங்க மருந்தயில்ல நான் புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார். ஒரு பிடி, இரண்டு பிடி என்ற கணக்கெல்லாம் இல்லை. டப்பாவை அப்படியே அப்பா கையில் கொடுத்துவிட்டார். "இது மொத்தமும் உங்களுக்குத்தான். தம்பிக்குக்கூடக் குடுக்காதீங்க. அவன் நம்பல." அப்பாவும் சிரித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

அடுத்து நடந்ததைப் பார்த்திருந்தால் எங்கள் தெரு நம்பியிருக்காது. அக்கா பேட்டரியை மாட்டச் சொன்னார். சீட்டின் விரிப்பைத் தூக்கினார். தான் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த இடத்திலிருந்து எர்த் ஒயரைத் தன் கையாலேயே கழற்றினார். பழைய இடத்தில்தான் பெயின்ட் இல்லையே. வேறு போல்ட்டாகத் தேடி, நன்றாகப் பெயின்ட் மூடிய ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் ஒயரைச் சுற்றினார். இன்ஜின் ஓட, பாட்டு ஓட, நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஙொய் என்று லேசாக எட்டிப் பார்த்தது.

"போதுமாப்பா?" என்றார், குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்வதுபோல.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம்."

அக்கா போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினார். "இப்ப?"

"இது ரொம்பக் கூட. பாட்டக் கெடுக்கு."

கால் சுற்று முறுக்கினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆங். இது சரி" என்றார்.

பண்ருட்டி ரோட்டில் ஏறுவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. டப்பாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அக்கா பாடக்கூட இல்லை. வாசலில் கார் நின்றும் அப்பா எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. இன்ஜினை அணைக்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். சாயங்கால பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பையை என் மனைவி உள்ளே கொண்டுபோய், வேட்டிகளைப் பழைய அலமாரியிலேயே அடுக்கினாள்.

பிறகு காது டாக்டரிடமும் போனோம். வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் இருந்ததாலும் வயதினாலும் வருவது, அடியோடு போக்க முடியாது, படுக்கிற இடத்தில் சின்னதாக வேறு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் வரும் என்றார். அப்பா, "அதெல்லாம் எங்க தெருவுலயே பாத்தாச்சு சார்" என்று எழுந்துவிட்டார். உண்மைதான். அதற்குள் அக்கா ஒரு பழைய ரேடியோவை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தியிருந்தார். வாழ்நாளெல்லாம் இரைச்சலைத் துரத்தியவர், நல்ல இரைச்சலாக ஒன்று கிடைக்க வேண்டும் என்று அரைநாள் திருகிக்கொண்டிருந்தார். அது கிடைத்ததும், "இது இன்னா அழகா இரையுது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

அக்கா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். எதிர்வரிசையில் வேறு குடும்பம் வந்திருக்கிறது. அமைதியானவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் தாராளமாகப் பேப்பரைத் திருப்புகிறார்கள்.

போன மாதம் காரைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஒரு இளைஞன், "சார், செட்ல ஙொய்னு வைன் சவுண்டு வருது. எர்த் பிரச்சினை. இப்பவே சரி பண்ணிடுறேன்" என்று விரிப்பைத் தூக்கப் போனான். பின்சீட்டிலிருந்து அப்பா போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "தம்பி, அதுல மட்டும் கை வைக்காத. அது அளவு பாத்து வச்சது."

அக்கா மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்க மாட்டார். "சத்தம் எப்படி இருக்கு? அப்பாவ வாயால சொல்லச் சொல்லு" என்பார். நான் ஸ்பீக்கரில் போட்டு நீட்டுவேன். நான் என்ன கோமாளியா என்று கேட்ட மனிதர், தெருவைப் பார்க்க வாசலில் நின்று, கன்னத்தை உப்பி, "ங்ஙொய்ய்ய்" என்று ஆரம்பிப்பார். கேட்காமலேயே கியர் மாற்றுவார். இறக்கி, ஏற்றி, மேட்டுக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

முடிந்ததும் அக்கா, "அந்த இன்னொண்ணுப்பா?" என்று கேட்பார்.

"அது கெடக்கும்மா ஒரு மூலையில" என்பார் அப்பா.

"நல்லது" என்பார் அக்கா. அதோடு நிறுத்திக்கொள்வார்.